நம்ம படத்துப் பெரட்டு

மேமலைத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் நவமணியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையேறிப் போய், பிள்ளைக்காம்பரா எங்கே என்று யாரைக் கேட்டாலும், "நவமணியக்கா சத்தம் கேக்குதில்ல, அந்தப் பக்கமே போங்க" என்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற இருபத்திரண்டு குழந்தைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள் அவள். மெதுவாகப் பேசி அந்தப் பட்டாளத்தை அடக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அப்படிப்பட்ட நவமணி வருசத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அது நம்ம படம் போடுகிற நாள்.

நம்ம படம் என்பது மேமலைக்காரர்கள் வைத்த பெயர். படம் எடுத்தவர்கள் வைத்தது வேறு, நீளமாகக் கண்ணீர் வடிகிற பெயர். அதை யாரும் சொல்வதில்லை. எழுபத்தொன்பதாம் வருசம் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் லொறியில் வந்திறங்கி, ஒரு மாதம் தங்கி எடுத்துக்கொண்டு போன படம் அது. கதாநாயகன் சுகந்தராஜ் கொழும்பு நாடக மேடையில் பேர் வாங்கியவர். கதாநாயகியும் அங்கிருந்து வந்தவர்தான். மற்றபடி கொழுந்து நிறுக்கிறவர்கள், சண்டையில் ஓடுகிறவர்கள், கல்யாணத்தில் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் மேமலை ஆட்கள். படம் பதுளையில் பதினொரு நாள் ஓடியது, கொழும்பில் அதுகூட ஓடவில்லை. அதைப் பற்றி மேமலை ஒருபோதும் கவலைப்பட்டது கிடையாது.

தீபாவளி கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டி இருட்டாக்கி அந்தப் படத்தைப் போடுவார்கள். கதையைப் பார்க்கத்தான் கூடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவதும், வேலைக்கு வந்தவர்கள் பதில் குரல் கொடுப்பதும் தோட்டத்து வழக்கம் இல்லையா? இந்தப் படத்துக்கும் அப்படி ஒரு பெரட்டு உண்டு. மேமலை ஆள் ஒருவர் திரையில் தலை காட்டியதும் மருதவீரன் எழுந்து நின்று, கையிலுள்ள கொப்பியைப் பார்த்து அவர் பேரைக் கூப்பிடுவார். ஆள் உயிரோடிருந்தால் அவரே, இல்லையென்றால் அவர் வீட்டு ஆட்கள், "இருக்கேன்!" என்று மடுவம் அதிரக் கத்த வேண்டும். முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒரு பேருக்காவது பதில் வராமல் போனதில்லை. கொழும்பு வீடுகளில் வேலைக்குப் போன பிள்ளைகள்கூட அந்த ஒரு கத்தலுக்காக ரயிலேறி வந்துவிடுவார்கள்.

மருதவீரனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படம் எடுத்த காலத்துக் கங்காணியின் மகன். அறுபத்து மூன்று வயது, மீசைக்கு மட்டும் கறுப்பு மை. அவருடைய அப்பா படத்தில் நான்கு விநாடி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். மருதவீரன் அதைச் சொல்லிக் கேட்டால், அந்தக் குடை இல்லாமல் படமே எடுத்திருக்க முடியாது என்று தோன்றும்.

நவமணியின் வாய்ப்பூட்டுக்குக் காரணம் அவளுடைய அப்பா ஒண்டிமுத்து. அவர் கவ்வாத்துக்காரர், வயதேறிய தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தறித்து மறுபடி துளிர்க்க வைக்கிற வேலை. "நானும் அந்தப் படத்துல மூணு நாள் நடிச்சேன்" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்த இடத்தில் என்று கேட்டால், "அதைச் சொல்லக்கூடாது. டைரக்டர் ஐயாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்பார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வருசா வருசம் தேடினார்கள். கல்யாணப் பந்தியில் இல்லை, சண்டையில் இல்லை, சவ ஊர்வலத்தில்கூட இல்லை. பிறகு மேமலையில் எவன் எந்தப் புளுகு விட்டாலும், "போடா, ஒண்டிமுத்து நடிப்பு நடிக்காத" என்பது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. லயத்து வீடுகளின் சின்னப் பிள்ளைகள் வரை அதைச் சொல்லின. ஒண்டிமுத்து யாரென்றே அவற்றில் பாதிக்குத் தெரியாது.

பதினான்கு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் அழுதுகொண்டு வந்த நவமணி, "இனிமே அந்தக் கதைய எடுக்காதீங்கப்பா, வெக்கமா இருக்கு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். "சரி ஆத்தா" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை, பதினெட்டு வருசம், அந்தப் படத்தின் பேச்சையே அவர் எடுக்கவில்லை. மற்றவர்கள் சிரித்ததைக்கூட நவமணியால் மறக்க முடிந்தது. தான் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. அவர் போனதும், மகள் டிவியிலிருந்து போனில் மங்கலாகப் பிடித்து வைத்திருந்த அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடினாள். கல்யாணக் கூட்டத்தில் பாதிக் காது ஒன்றைக் கண்டுபிடித்து, அதுதான் அப்பா என்று ஒரு வருசம் பூராவும் சாதித்தாள். கடைசியில் அது மருதவீரனுடைய சித்தப்பாவின் காது என்று தெரியவந்தது. அந்த வருசம் அவள் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள்.

இந்த வருசம் விசயம் பெரிதாகிவிட்டது. கதாநாயகன் சுகந்தராஜ் எண்பத்தோராவது வயதில் கனடாவில் காலமானார். பதுளையிலிருந்து கலாசார உத்தியோகத்தர் தனேஸ்வரன் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, படம் போடுகிற அன்றைக்கே மேமலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிற நல்ல மனிதர். மலரின் கடைசிப் பக்கங்களில் படத்தில் நடித்த மேமலை ஆட்கள் அத்தனை பேரையும் போடப்போவதாகவும், அதே பட்டியலைப் பலகையில் எழுதி மடுவத்துச் சுவரில் பதிக்கப்போவதாகவும் சொன்னார்.

"ஆனா ஒண்டு. ஆரார் எந்த இடத்திலை வருகினம் எண்டு நான் கண்ணாலை பாத்துத்தான் எழுதுவன். நாளைக்குக் காலமை அச்சுக்குப் போகுது" என்றார்.

நவமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்றைக்கு அப்பா திரையில் வராவிட்டால், அவர் புளுகர் என்பது சுவரில் எழுதாமலே எழுதின மாதிரி. அவளுடைய பேரப்பிள்ளைகளும் அந்தப் பலகையைக் கடந்துதான் பிள்ளைக்காம்பராவுக்கு வரும்.

படம் போடுகிறவர் பதுளைப் பலீல் நானா. டவுனில் டிவி, ரேடியோ கடை வைத்திருப்பவர். முன்பெல்லாம் தேய்ந்துபோன கசெட்டில் எடுத்த படத்தைச் சின்ன டிவிப் பெட்டியில் காட்டுவார். இந்தமுறை படம் எடுத்தவருடைய வீட்டாரிடமிருந்து சுத்தமான பிரதி ஒன்றைப் பென்டிரைவில் வாங்கி வந்து, புரொஜெக்டரை வைத்து, இரண்டு பெட்ஷீட்டைத் தைத்துத் திரை கட்டியிருந்தார். "இவ்வளவு காலமும் நீங்க பாத்தது நிழலுக்கு நிழல். இன்டைக்குத்தான் படம் பாக்கப்போறீங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

தொடங்குமுன் மருதவீரன் மறைந்த கலைஞருக்கு அஞ்சலி உரை ஆற்றினார். "சுகந்தராஜ் ஐயா மாதிரி ஒரு நடிகன் இனிப் பொறக்க மாட்டான். அவரு கவ்வாத்து வெட்டுற கட்டத்தப் பாருங்க. நமக்கெல்லாம் அந்த வேல கைக்கு வர மூணு வருசம் ஆச்சு. கொழும்பு மனுசன், கார்ல வந்த மனுசன், மூணே நாள்ல படிச்சாரு! அதுதாங்க தொழில் பக்தி!" என்று குரலை உயர்த்தி முடித்தார். கூட்டம் கைதட்டியது. மேமலைக்கு அது பெரிய பெருமை. தோட்டத்துக்கு வரும் புது ஆட்கள் எல்லாருக்கும் முதலில் சொல்லப்படும் கதை அதுதான்.

படம் ஓடியது. அப்பப்பா, என்ன துலக்கம்! கல்யாணப் பந்தியில் யார் இலையில் எத்தனை வடை என்று எண்ணலாம் போலிருந்தது. மருதவீரன் பேர் கூப்பிடக் கூப்பிட, முன்னாலும் பின்னாலும் "இருக்கேன்! இருக்கேன்!" என்று சத்தம் எழுந்தது. தன் அப்பாவின் குடை வந்தபோது அவரே கூப்பிட்டு அவரே பதிலும் சொன்னார். தனேஸ்வரன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். நவமணி பின்வரிசையில் சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கயிறாகவே ஆக்கிவிட்டிருந்தாள்.

கவ்வாத்துக் கட்டம் வந்ததும் வழக்கம்போலப் பாதிப் பேர் பால் விடாத பிளேன்டி குடிக்க எழுந்தார்கள். அதில் கதாநாயகன் மட்டும்தான் வருவார், பேர் கூப்பிட யாரும் இல்லை. காதலி வேறு ஊருக்குப் போய்விட்ட ஆத்திரத்தில் அவர் கத்தியை எடுத்துச் செடி செடியாக வெட்டித் தள்ளுவார். முட்டிவலிக்காரர்களான பழைய கவ்வாத்துக் கிழவர்கள் நாலைந்து பேர் மட்டும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நவமணியும் எழுந்து தேநீர்க் கேத்தல் பக்கம் போனாள். இனி எங்கே வரப்போகிறார் என்று மனது விட்டுப்போயிருந்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டுங்க நானா!"

மாணிக்கவேலின் குரல். எழுபத்தாறு வயது மனிதர், ஒண்டிமுத்துவுக்குப் பக்கத்து நிரையில் இருபது வருசம் கத்தி பிடித்தவர். பலீல் பதறிப்போய்ப் படத்தை நிறுத்தினார். திரை முழுக்க இரண்டு கைகளும் ஒரு தேயிலைச் செடியும் நின்றன.

"கத்தி எந்தக் கையில இருக்குன்னு பாருங்கடா" என்றார் மாணிக்கவேல்.

இடது கையில் இருந்தது.

"அந்த ஐயா கடிதம் எழுதினது வலக்கை. அந்தப் புள்ளைக்குப் பூ குடுத்தது வலக்கை. வில்லன அறைஞ்சதும் வலக்கை. கவ்வாத்து மட்டும் எப்புடிய்யா பீச்சாங்கையால வெட்டுவாரு?" மாணிக்கவேல் எழுந்தே விட்டார். "இந்த மலையில பீச்சாங்கையால கத்தி பிடிச்சவன் ஒருத்தன்தான். பக்கத்து ஆள் மேல பட்டுடும்னு கங்காணி அவனக் கடைசி நிரையிலதான் விடுவாரு. நவமணி! அடியே நவமணி! எங்க இருக்க?"

நவமணி பிளேன்டிக் கோப்பையைக் கேத்தல் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"படம் எடுக்கையில மூணு நாள் காய்ச்சல்னு சொல்லி அவன் பெரட்டுக்கு வரல. கள்ளப்பய, இங்க வந்து நின்னிருக்கான்" என்று மாணிக்கவேல் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

மடுவம் ஒரே ஆரவாரமாகிவிட்டது. அப்போதுதான் தனேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி எழுந்தார். "குறை நினைக்காதேங்கோ. ஒரு சந்தேகம். பழைய படங்களைப் பிரதி எடுக்கேக்கை சில துண்டுகள் இடம் வலம் மாறிப்போறது உண்டு. அப்பிடியெண்டா அது வலது கையாவும் இருக்கலாம். நிச்சயம் இல்லாம நான் எழுதேலாது."

நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவரைத் தூக்கி ஓடையில் போட்டால் என்ன என்று நவமணிக்குத் தோன்றியது. கூட்டம் அடங்கிப்போயிற்று.

நவமணி திரைக்குக் கிட்டப் போனாள். கைகளைப் பார்த்தாள். பிறகு கைகளுக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் ஒரு சரிவு, அதன் வலப்பக்கம் கூம்பான பெரிய பாறை, இடப்பக்கம் ஓடை. பத்தொன்பது வருசமாகப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று அவள் பார்க்கிற சரிவு.

"சார், இது ஏழாம் நம்பர் மலை" என்றாள். "முனியாண்டிப் பாறை இங்கேருந்து பாத்தா எந்தப் பக்கம் நிக்குதுன்னு நீங்களே பாருங்க."

சொல்லிவிட்டுப் படங்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெளிச்சம் பாய்ந்தது, திரையில் படம் காணாமல் போனது. "அடியே, மூடு, மூடு!" என்று ஒரு பக்கம், "தொற, தொற!" என்று மறுபக்கம். எதிரே, ஓடைக்கு வலப்பக்கம், முனியாண்டிப் பாறை ஆடாமல் அசையாமல் நின்றது. படங்கை மூடிப் படத்தைப் பார்த்தார்கள், திறந்து மலையைப் பார்த்தார்கள். தனேஸ்வரன் மட்டும் ஐந்து தரம் மூடித் திறந்து பார்த்தார்.

"மாறேல்லை. படம் சரியாத்தான் கிடக்கு" என்றார். பிறகு உத்தியோகத்தை மறந்து, "அம்மாணை சரி!" என்று தொடையில் தட்டினார்.

பலீல் படத்தைக் கொஞ்சம் ஓடவிட்டார். அந்தக் கைகள் கடைசி வாதுக் கிளையையும் வெட்டின. பிறகு வெட்டிப்போட்ட தழையை அள்ளி, மொட்டையாகிப்போன செடியின் மேல் மெல்லப் பரப்பின.

"பாரு, மூடுறான்" என்றார் மாணிக்கவேல். "நாங்க வெட்டிப் போட்டுட்டு அடுத்த செடிக்குப் போயிடுவோம். வெயில் பட்டா வாது வெந்துடும்னு இவன் ஒவ்வொன்னா மூடுவான். அதுலயே பிந்திப்போய் கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவான். சினிமாக்காரன் வெட்டத்தான் சொல்லியிருப்பான், மூடச் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குக் கை சும்மா இருக்காது."

நவமணி அழுதாள். வாய்விட்டு, யாரைப் பற்றியும் யோசிக்காமல் அழுதாள். அப்பா பொய் சொல்லவில்லை. கேலி செய்தவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லாமலே இருந்தார். மகள் வெட்கப்பட்டபோதுகூடச் சொல்லவில்லை. இப்படியும் ஒரு மனுசன் வாக்கைக் கட்டிக்கொண்டு அழுவானா என்று அவர்மேல் கோபமும் வந்தது, அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

எல்லாரும் மருதவீரனைப் பார்த்தார்கள். அவர் கொப்பியைப் புரட்டினார், மீசையைத் தடவினார். இவ்வளவு வருசம் ஊருக்கெல்லாம் சொன்ன கதை கண்ணுக்கு முன்னால் கவிழ்ந்துகிடந்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

"சரி, ஒத்துக்கிறேன். ஆனா முகம் வரலியே. கை மட்டுந்தானே வருது" என்று இழுத்தார். "அரைப்பேர் போடுறேன்."

தோட்டத்தில் மத்தியானத்தோடு வேலையை விட்டுப் போகிறவனுக்குப் போடுவதுதான் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மடுவம் கொதித்தது. ஆனால் எல்லார் சத்தத்துக்கும் மேலே பிள்ளைக்காம்பராச் சத்தம் எழுந்தது.

"கவ்வாத்த முகத்தாலயாண்ணே வெட்டுறது?" என்றாள் நவமணி. "உங்கப்பா குடைய எதால பிடிச்சாரு? மூக்காலயா?"

சிரிப்பு கூரைத் தகரத்தைத் தூக்கியது. மாணிக்கவேலுக்கு மூச்சு முட்டி இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மருதவீரனும் எவ்வளவு நேரம்தான் முகத்தை இறுக்கி வைத்திருப்பார், அவரும் சிரித்துவிட்டார். பேனையை எடுத்து எழுதினார். நிமிர்ந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"ஒண்டிமுத்து!"

நவமணி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளை அடக்குகிற குரல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"ஒண்டிமுத்து!" மருதவீரன் இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பெரட்டில் பேர் வெட்டுப்பட்டுப்போகும்.

"சொல்லு ஆத்தா, வெட்டிடுவாங்க!" என்று கிழவர்கள் முன்வரிசையிலிருந்து அலறினார்கள்.

"ஒண்டிமுத்து!"

"இருக்காரு!" என்றாள் நவமணி. "எங்கப்பா இருக்காரு!"

இருக்கேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். மருதவீரன் அதில் ரொம்பக் கண்டிப்பு. ஆனால் இன்றைக்கு அவர் கொப்பியில் பேருக்கு நேரே பெரிதாக ஒரு சரி போட்டார்.

தனேஸ்வரன் தன்னுடைய தாளோடு வந்தார். "பேர் எழுதியாச்சு. பக்கத்திலை ஏற்ற பாத்திரம் எண்டு ஒரு கட்டம் கிடக்கு. ஊரவர், கங்காணி, மாப்பிள்ளை வீட்டார் எண்டு மற்ற ஆக்களுக்குப் போட்டிருக்கு. இவருக்கு என்னெண்டு எழுத?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. கை என்று எழுதலாமா, கவ்வாத்துக்காரர் என்று எழுதலாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"கதாநாயகன்னு எழுதுங்க சார்" என்றார் மருதவீரன்.

"அது ஏற்கெனவே சுகந்தராஜ் எண்டு கிடக்கே?"

"இருந்துட்டுப் போகட்டும். முகத்துக்கு அவரு, கைக்கு இவரு. ரெண்டு பேரும் சேந்துதானே அந்த ஆளு" என்றார் மருதவீரன். "முழுப்பேர் போடுங்க."

தனேஸ்வரன் எழுதினார். நவமணி அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, கதாநாயகன் என்ற வார்த்தையை எழுத்தெழுத்தாக வாசித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பலீல் பக்கம் திரும்பினாள்.

"நானா, அந்தக் கட்டத்த இன்னொருக்கா போடுங்க. யாரும் டீ குடிக்கப் போகக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

யாரும் எழுந்து போகவில்லை.